பள்ளி முற்றமும் மழை நீரும்

ஐப்பசி பிறந்துவிட்டால் வடசென்னைப் பெற்றோரின் காதுகள் ஓர் அறிவிப்பை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். கனமழையை முன்னிட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை என்ற செய்தி வந்ததும் பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். இரண்டு நாளில் மழை ஓயும், வானம் வெளுக்கும், விடுமுறையும் முடியும். ஆனால் இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் தாழ்ந்த தெருக்களில் அமைந்த பள்ளிகளுக்கு மட்டும் மழை அவ்வளவு எளிதில் விடைபெறுவதில்லை. முற்றத்தில் கணுக்கால் அளவு நீர் நிற்கும். நாள் செல்லச் செல்ல அது பச்சை நிறம் கொள்ளும், நாற்றம் எடுக்கும், கொசு பெருகும். கழிவறைக்குச் செல்லும் வழி மூழ்கிக் கிடப்பதால் பெண் பிள்ளைகள் நாள் முழுதும் படும் அவதியை வெளியில் சொல்லவும் கூசுவார்கள்.

இது யார் குற்றம் என்ற கேள்வி எழும்போது, சிலர் மாநகராட்சியைச் சாடுவர். சிலர் மழையையே சாடுவர். இரண்டிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்பாக நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. இந்த ஊர்களில் மழை இன்று நேற்றுப் பெய்வதன்று. சிமெண்டு வடிகால் ஒன்றுகூட இல்லாத காலத்தில் இந்த மண் மழையை என்ன செய்தது? அதற்கான விடை வடசென்னையின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது. அந்த விடையை அறிந்தவர்களுக்குப் பள்ளி முற்றத்தை எப்படிச் சீர்செய்வது என்பதும் புலப்பட்டுவிடும்.

மேடும் பள்ளமும்

சென்னைக் கடற்கரையை ஒட்டி வடக்கு தெற்காக நீண்ட மணல் மேடுகள் அமைந்திருந்தன. கடல் காலங்காலமாகக் குவித்துத் தந்தவை அவை. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இடையே தாழ்ந்த பள்ளங்கள் கிடந்தன. மேட்டில் பெய்த மழையை மணல் உடனே உறிஞ்சிக்கொண்டது. மிஞ்சிய நீர் பள்ளத்தில் இறங்கி நின்று, மெல்ல மெல்ல வடிந்தது. மக்கள் மேட்டில் குடியிருந்தார்கள். பள்ளத்தைத் தண்ணீருக்கு விட்டுவைத்தார்கள். பெயரிலேயே மேட்டைத் தாங்கி நிற்கும் காசிமேடு இன்றும் நம் கண்முன் இருக்கிறது.

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லி மீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்டது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. இவ்வளவு நீரையும் உடனே கடலுக்கு அனுப்பிவிடும் ஆற்றல் இந்தத் தட்டையான நிலத்துக்கு என்றுமே இருந்ததில்லை. கொஞ்சம் குடிப்பது, கொஞ்சம் தேக்குவது, மிஞ்சியதை அனுப்புவது என்ற ஒழுங்கில்தான் அது மழையைச் சமாளித்து வந்தது.

மணல் குடித்த மழை வீணாகிவிடவில்லை. 1772ஆம் ஆண்டில் கேப்டன் பேக்கர் என்பவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் வழங்குவதற்காகப் பெத்தநாய்க்கன்பேட்டையின் வடபகுதியில் கிணறுகளை வெட்டினார். ‘ஏழு கிணறு’ என்று இன்றும் அழைக்கப்படும் இடம் அதுவே. மண்ணடியிலிருந்து அந்தப் பக்கம் நாள்தோறும் நடந்து செல்லும் நம்மவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருப்பார்கள்? உப்புக் கடலுக்கு மிக அருகே நன்னீர் ஊறிய கிணறுகள் அவை. ஏரியும் ஆறும் அவற்றுக்கு நீர் தரவில்லை. மணல் குடித்துச் சேமித்து வைத்திருந்த மழையே கோட்டைக்காரர்களின் தாகத்தைத் தணித்தது.

பள்ளங்கள் எப்படிப் போயின என்பதற்கும் அருகிலேயே சான்று உண்டு. முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாய்க்கன்பேட்டைக்கும் நடுவே ஒரு வடிகால் பள்ளம் கிடந்தது. 1780களில் ஸ்டீபன் பாப்பம் என்ற ஆங்கில வழக்கறிஞர் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். அதுவே பாப்பம்ஸ் பிராட்வே என்று பெயர்பெற்ற பிராட்வே. அதே பாப்பம் 1786இல் நகரச் சீர்திருத்தத் திட்டம் ஒன்றை வகுத்தபோது, தெருக்களுக்கு நேர் வடிகாலும் குறுக்கு வடிகாலும் வேண்டுமென்று அதில் எழுதினார். பள்ளத்தைத் தூர்த்த கைக்கே வடிகாலின் தேவையும் தெரிந்திருந்தது! இயற்கை இனாமாகக் கொடுத்ததை மூடிவிட்டு, அதே வேலைக்குப் பணம் செலவிட்டு வேறொன்றைக் கட்டும் வழக்கம் சென்னையில் அன்றே தொடங்கிவிட்டது.

கால்வாய், இருப்புப் பாதை, துறைமுகம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு வடசென்னையின் நீரோட்டத்தை அடியோடு மாற்றியது. 1806இல் பேசில் காக்ரேன் என்பவரின் முயற்சியால் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஏறத்தாழ 11 மைல் நீளத்துக்கு ஒரு படகுக் கால்வாய் வெட்டப்பட்டது. 1837இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக நகரப் பகுதியில் கால்வாய் நீட்டப்பட்டு, அன்றைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் ஏற்றி வந்த தோணிகளுக்காக வெட்டப்பட்ட கால்வாய் அது. தோணிகள் மறைந்த பின்னர், ஓட்டேரி நல்லாவும் கேப்டன் காட்டன் கால்வாயும் கொண்டுவந்து கொட்டும் நீரைச் சுமக்கும் பெருவடிகாலாக அது நின்றுவிட்டது. எண்ணூர் முகத்துவாரம் திறந்திருந்தால் அந்த நீர் கடல் சேரும். மணலும் சேறும் அடைத்திருந்தால் ஊருக்குள்ளேயே தங்கிவிடும்.

1856இல் இராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது. அந்தப் பெருமைக்கு உரிய இருப்புப் பாதைகளின் கரைகள், பின்னாளில் வடசென்னை எங்கும் பரவியபோது, மழைநீரின் பாதையில் அணைகளைப் போல அமைந்தன. பாதைக்கு அடியில் விடப்பட்ட சிறு மதகுகள் அடைபட்டால், ஒரு பக்கத்துத் தெருக்கள் குளமாகும். மறுபக்கம் உலர்ந்து கிடக்கும்.

1875இல் செயற்கைத் துறைமுகத்தின் பணி தொடங்கியது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டப்பட்டது. துறைமுகத்தின் சுவர் கடலோரமாக வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்தின் கரை அரிக்கப்பட்டது. கடல் கொடுத்த மணல் மேட்டைக் கடலே திரும்ப எடுத்துக்கொண்டது. இன்று அக்கரையைக் காத்து நிற்பவை கருங்கற்கள்.

இருபதாம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தன. எண்ணூரில் 1948இல் தொடங்கிய மோட்டார்த் தொழிற்சாலை, திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை, மணலியில் 1969 முதல் இயங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, எண்ணூரில் 1970இல் எழுந்து 2017இல் மூடப்பட்ட அனல் மின் நிலையம் என ஒவ்வொன்றாக வளர்ந்தன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு அவை சோறு போட்டன. அந்த நன்றியை மறப்பதற்கில்லை. ஆனால் தொழிலாளர் குடியிருப்புகள் பள்ளங்களிலும் பரவின. சதுப்பு நிலங்கள் மேடாக்கப்பட்டன. எண்ணூர் முகத்துவாரத்தில் மின் நிலையச் சாம்பல் படிந்தது. கனரக லாரிகளுக்காகச் சாலைகள் மேலும் மேலும் உயர்த்தப்பட்டன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் தெருவைவிட இரண்டு படி உயரத்தில் கட்டப்பட்ட பள்ளிக்கூடம், பழைய தாரின்மேல் புதிய தார் ஏற ஏற, இன்று தெருவைவிட இரண்டு படி தாழ்ந்து நிற்பதன் காரணம் இதுதான். பள்ளி ஒரு அடிகூட நகரவில்லை. அதைச் சுற்றியிருந்த ஊர்தான் உயர்ந்துவிட்டது.

வெள்ளமும் வறட்சியும் ஒரே வீட்டில்

வடிகால் என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு வேறு ஏற்பாடுகள். வீட்டுக் கழிவு நீரைக் கொண்டுசெல்லும் பாதாளச் சாக்கடை, 1978இல் உருவான குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. முற்றத்து மழையைச் சாக்கடைத் தொட்டிக்குள் திறந்துவிடும் பள்ளிகள், அளவாகக் கட்டப்பட்ட குழாயில் அளவற்ற நீரைத் திணிக்கின்றன. அது பொங்கும்போது மழைநீருடன் மலநீரும் சேர்ந்து அதே முற்றத்துக்குத் திரும்பி வருகிறது. நல்ல நீரைக் கொடுத்துக் கெட்ட நீரை வாங்கும் வியாபாரம் இது.

2003ஆம் ஆண்டில் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவுக்கே முன்மாதிரியான சட்டம் அது. ஆனால் கட்டிய தொட்டியை ஆண்டுக்கொரு முறை தூர்வார வேண்டும் என்பதைப் பலர் மறந்தார்கள். 2011இல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் சென்னையுடன் இணைக்கப்பட்டன. 2015 நவம்பர், டிசம்பர் மழையில் பள்ளிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. நான்கே ஆண்டுகள் கழித்து, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் ஏறத்தாழ முற்றிலும் வறண்டன. குடங்களுடன் மக்கள் லாரியை எதிர்பார்த்து நின்றார்கள். மீண்டும் 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ புயல் மழை. இம்முறை மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் வெள்ளத்தில் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரத்தை அடைந்தது. வீட்டுச் சுவர்களிலும் மீனவர் படகுகளிலும் கரிய படலம் படிந்தது.

கொசஸ்தலையாற்றுப் படுகைக்கு மழைநீர் வடிகால் அமைக்க, ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. 588 கிலோ மீட்டர் நீளத்துக்குப் புதிய வடிகால்களும், 175 கிலோ மீட்டர் பழைய வடிகால்களின் சீரமைப்பும் அத்திட்டத்தில் இடம்பெற்றன. இது பெரிய பணி, தேவையான பணி. எனினும் ஒவ்வொரு கூரையும் ஒவ்வொரு முற்றமும் தன் நீர் முழுவதையும் ஒரே மணி நேரத்தில் தெருவில் கொட்டினால் எந்த வடிகாலும் தாங்காது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அதன்மீது 10 சென்டி மீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 22,300 லிட்டர் நீர் விழுகிறது. எட்டு கிரவுண்டு பரப்புள்ள ஒரு பள்ளியில் விழுவது 1,78,000 லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகளில் அதை ஏற்றினால் பதினைந்து லாரி வேண்டும். ஐப்பசியில் பதினைந்து லாரி நீரைத் துரத்திவிட்டுச் சித்திரையில் ஒரு லாரி நீருக்குக் காத்து நிற்பது என்ன நியாயம்?

உலகம் கற்ற பாடம்

கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலத்தில் வாழ்பவர்கள் நெதர்லாந்து மக்கள். நீரை வெளியே இறைப்பதில் உலகுக்கே ஆசான்கள். அவர்களே இன்று நீருக்கு ஊருக்குள் இடம் விடுகிறார்கள். ராட்டர்டாம் நகரில் 2013இல் திறக்கப்பட்ட பெந்தம்பிளைன் என்ற சதுக்கம் வெயில் நாளில் மாணவர்கள் பந்தாடும் திடல். பெருமழை நாளில் ஏறத்தாழ 17 லட்சம் லிட்டர் நீரைத் தாங்கும் குளம். பாரிஸ் நகரம் சில ஆண்டுகளாகப் பள்ளி முற்றங்களில் முன்பு போட்ட தாரைப் பெயர்த்தெடுத்து, மண்ணையும் மரங்களையும் மீண்டும் கொண்டுவருகிறது.

நெதர்லாந்து அரசு 2018இல் ஆசிய நகரங்களுக்காகத் தொடங்கிய நீர்த் திட்டத்தில் சென்னையும் இடம்பெற்றது. அதன் வழியே நம் நகரின் லிட்டில் பிளவர் கான்வென்ட் என்ற, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் ஒரு முன்மாதிரி அமைந்தது. பயன்படுத்திய நீரைச் செடிகள் வளர்ந்த சரளைப் படுகையில் தூய்மையாக்குவதும், மழைநீரைத் திரட்டி நிலத்துக்குள் இறக்குவதும் அதன் நோக்கம். ஏழு கிணற்றை வெட்டிய காலத்தில் மணல் தானாகச் செய்த வேலையைத்தான் நாம் இன்று திட்டமிட்டுச் செய்ய வேண்டியிருக்கிறது.

நம் பள்ளிகளில் என்ன செய்யலாம்?

முதற்கண், மழை பெய்யும்போதே முற்றத்தைப் பார்க்க வேண்டும். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எவ்வழியே வெளியேறுகிறது என்பதை ஆசிரியரும் மாணவரும் ஒரு தாளில் வரைந்துகொள்ளட்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இஞ்சினீயரை அழைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்து மண்ணைச் சோதிக்க வேண்டும். மணல் ஒரு மணி நேரத்தில் 30 மில்லி மீட்டருக்கு மேல் நீரைக் குடிக்கும். களிமண் 1 முதல் 5 மில்லி மீட்டர்தான் குடிக்கும். ஆகவே 10 சென்டி மீட்டர் மழையை நல்ல மணல் மூன்று மணி நேரத்தில் உறிஞ்சிவிடும்; களிமண்ணுக்கு ஒரு நாள் முதல் நான்கு நாள் வரை ஆகும். கடலை ஒட்டிய இராயபுரம், திருவொற்றியூர் மணல் நிலத்துக்குப் பொருந்துவது, மேற்கே களிமண் நிலத்துக்குப் பொருந்தாது. ஒரு சிறு குழி வெட்டி, நீரை ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறித்தாலே உண்மை தெரிந்துவிடும்.

கூரை நீர் எல்லாவற்றிலும் தூயது. அதைக் குழாய் வழியே இறக்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டியில் செலுத்திக் கிணற்றிலோ தொட்டியிலோ சேர்க்கலாம். முதல் மழை கூரையின் தூசியைக் கழுவி வருவதால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். முற்றத்து நீருக்கு, வகுப்பறைகளிலிருந்து விலகிச் சரியும் வாட்டமும், ஓரத்தில் அகலமான, ஆழம் குறைந்த ஒரு புல் பள்ளமும் போதும். கடலோரத்தில் கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடுவதால் ஆழமான குழிகள் பயன் தராமற் போகலாம். அகலமே அங்கு கைகொடுக்கும். பள்ளத்து நீர் இரண்டு நாளுக்குள் வற்றிவிட வேண்டும். கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆவதால், இரண்டு நாளில் வற்றும் நீரில் அதற்கு வாழ்வில்லை. இதற்கும் மிஞ்சிய நீரை மட்டுமே தெரு வடிகாலுக்கு அனுப்ப வேண்டும். தெரு உயர்ந்துவிட்ட இடங்களில் அந்த நீர் திரும்பி வராமலிருக்கத் தடுப்புக் கதவும், இறைக்கும் பம்பும் தேவைப்படும்.

வடசென்னைக்கே உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. எண்ணெயும் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த தெரு நீரை ஒருபோதும் நிலத்துக்குள் இறக்கலாகாது. மலக்குழிக்கு அருகில் உறிஞ்சு குழி வெட்டலாகாது. மண் மாசுபட்டதென்ற ஐயம் இருந்தால் முதலில் சோதனை; பிறகே குழி. எந்தக் குழிக்கும் பிள்ளைகள் தூக்க முடியாத கனமான மூடி இருக்க வேண்டும். புரட்டாசியில் எல்லாவற்றையும் தூர்வாரிவிட வேண்டும்.

கிணறும் கல்வெட்டும்

நம்மவர் நடத்தும் பள்ளிகள் பல. அவற்றின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் அடிக்கடி நிகழும் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். முற்றத்தில் சேறாகிறது என்று தலைமையாசிரியர் முறையிடுவார். நல்ல மனம் படைத்த செல்வந்தர் ஒருவர் எழுந்து, முற்றம் முழுவதற்கும் சிமெண்டுத் தளம் போட்டுத் தருவதாக அறிவிப்பார். எல்லாரும் மகிழ்வர். தளம் போடப்படும், திறப்பு விழா நடக்கும், கல்வெட்டு பதிக்கப்படும். அடுத்த ஐப்பசியில் சேறு இராது. அந்த இடத்தில் குளம் இருக்கும். மிச்சமிருந்த மணலின் வாயையும் நாமே அடைத்துவிட்டோம் என்பதை அப்போது யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அந்தச் செல்வந்தரின் நோக்கத்தைக் குறை கூறுவதற்கில்லை. அவரிடம் வேறொன்றைக் கேட்கும் துணிவு குழுவுக்கு வேண்டும். கிணறு வெட்டி வைப்பதை நிலையான தருமமாக, சதக்கத்துல் ஜாரியாவாகப் போற்றி வந்த சமுதாயம் நம்முடையது. நடைபாதைக்கு மட்டும் கல் பாவி, எஞ்சிய முற்றத்தை மணலாகவே விட்டு, கூரை நீர் இறங்க ஒரு கிணற்றை அவர் பெயரால் அமைக்கலாமே! சிமெண்டுத் தளம் அன்று முதல் தேயத் தொடங்கும். கிணறோ ஒவ்வொரு மழையிலும் அவர் கொடையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும்.

நம் வீடுகளில் ‘பள்ளி’ என்றால் தொழும் இடத்தையும் குறிக்கும். பிள்ளைகள் படிக்கும் இடத்தையும் குறிக்கும். முன்னதில் ஹவுளின் நீர் மாசுபடாமலும் வீணாகாமலும் காப்பதற்கு நம் முன்னோர் எவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். அந்தக் கவனத்தில் ஒரு பங்கைப் பின்னதன் முற்றத்துக்கும் நாம் தர வேண்டும். வடசென்னையின் மணல் மேடுகளில் பெரும்பகுதி கட்டடங்களுக்கு அடியில் மறைந்துவிட்டது. எஞ்சியிருக்கும் திறந்த மண்ணில் ஒரு நல்ல பங்கு பள்ளிக்கூடங்களின் சுவர்களுக்குள்தான் இருக்கிறது. வரும் புரட்டாசிக்குள் நம் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்கள் ஒருமுறை கூடி, அந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்கட்டும்!